பட்டென்று நின்றதா, இருமி நின்றதா

ஓடிக்கொண்டிருக்கிற இஞ்சின் தானாக நின்றால் நான் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். பட்டென்று நின்றதா, இருமி இருமி நின்றதா? இருமி நின்றால் பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். விளக்கை அணைத்த மாதிரி பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம். பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும்.

அண்ணனிடமும் அதைத்தான் கேட்டேன்.

"தெரியலடா" என்றான்.

"தெரியலன்னா என்ன அர்த்தம்? நீதானே மேல உக்காந்திருக்க?"

"ஓடிக்கிட்டே இருக்கும். பாத்தா நின்னிருக்கும். அவ்வளவுதான். உன்கிட்ட கதை சொல்லவா கூப்பிட்டேன்? சரி பண்ணுவியா மாட்டியா?"

நான் சிரித்துக்கொண்டே பையைத் திறந்தேன். அந்தப் பதிலை அங்கேயே விட்டுவிட்டேன்.

அண்ணன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தால், மூன்று மணிக்குத் திரும்ப அழைக்கப் போகும்வரை வீட்டில்தான். அந்த நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் நிலத்தில் புல் வெட்டுவான். பெரிய நிலம். வீட்டிலிருந்து சரிந்து போய்க் கீழே வாய்க்காலில் முடியும். வேலி கிடையாது. சிமெண்டுக் கரை, அதற்கு ஆள் உயரம் கீழே தண்ணீர். தள்ளிக்கொண்டு நடந்தால் இடுப்பு போய்விடும் என்று, ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தான். கியரில் போட்டுவிட்டால் கிளட்சை மிதிக்கும்வரை அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அந்த ரகம்.

பேட்டரியில் மீட்டரை வைத்தேன். நல்ல வோல்ட் இருந்தது. ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. எர்த் ஒயர் சட்டத்தோடு சேருமிடத்தில் கொஞ்சம் துரு. அதைச் சுரண்டிப் பளபளவென்று ஆக்கி இறுக்கினேன். சாவித் துவாரத்தின் பின்னாலுள்ள சாக்கெட்டை ஆட்டிப் பார்த்தேன், லூசாக இல்லை. அண்ணனை மேலே உட்காரவைத்து இஞ்சினை ஓடவிட்டு ஒயர் கொத்தை ஒவ்வொரு இடமாகப் பிடித்து உலுக்கினேன். இஞ்சின் அசரவில்லை. ஒரே சீராக ஓடியது.

"அதுக்கு உன்னைப் பாத்தா பயம்" என்றான் அண்ணன்.

"எறங்கு, நான் ஒரு சுத்து போய்ட்டு வரேன்."

"நீ ஏறினா அது நிக்காது. நசுங்கிப் போயிடும்."

நான் ஏறி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று நாலைந்து வரிசை வெட்டினேன். குழியில் இறக்கினேன், மேட்டில் ஏற்றினேன். ஒருமுறைகூட நிற்கவில்லை.

திரும்பி வரும்போதுதான் புல்லைக் கவனித்தேன். அண்ணன் எதைச் செய்தாலும் சுத்தம். சட்டை மடித்தால்கூட ஸ்கேல் வைத்த மாதிரி இருக்கும். அவன் வெட்டிய வரிசைகளும் அப்படித்தான், கோடு கிழித்தது போல. ஆனால் அங்கங்கே ஒரு வரிசை இடது பக்கம் சாய்ந்து, பக்கத்து வரிசையைத் தின்றுகொண்டு போய், சட்டென்று முடிந்திருந்தது. பிறகு அங்கிருந்து மறுபடி நேர்க்கோடு.

"வண்டி இடது பக்கம் இழுக்குதா?" என்று கேட்டேன்.

"இல்லையே."

"நின்ன இடத்துல எல்லாம் சாஞ்சிருக்கு."

"மேடு பள்ளம்டா. உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

நான் ஓட்டியபோது ஸ்டியரிங் எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. நானும் மேடு பள்ளம் என்றே வைத்துக்கொண்டேன்.

அண்ணி டீ கொண்டுவந்தார். வீட்டில் எல்லாவற்றிலும் குறை கண்டுபிடித்துச் சிரிக்கிற ஆள். அன்று சிரிப்பு இல்லை. டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, அண்ணனுக்கு மட்டும் பக்கத்துத் திண்டில் வைத்தார்.

"ஏன் அண்ணி, உங்க வீட்டுக்காரருக்குக் கையில குடுக்க மாட்டீங்களா? சண்டையா?"

"ரெண்டு டம்ளர் போட்டு உடைச்சிட்டார் தம்பி, இந்த வாரத்துல. கையில வச்சிட்டு எங்கேயோ பாத்துட்டு இருக்கார். கூப்பிட்டாலும் காதுல விழறதில்ல."

"உன் பேச்சு காதுல விழாம இருக்கறதுக்கு நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா?" என்றான் அண்ணன்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்திருக்கிறார். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

மிச்சமிருந்தது சீட்டுக்கு அடியிலுள்ள சுவிட்ச். ஆள் சீட்டில் இருக்கும்வரை அது அமுங்கியிருக்கும். எழுந்தாலோ விழுந்தாலோ சுவிட்ச் விடுபட்டு இஞ்சின் அணையும். கீழே பிளேடு சுற்றுகிறதே, அதற்காக வைத்த பாதுகாப்பு. மீட்டரை மாட்டி அண்ணனை உட்காரச் சொன்னேன்.

"குதி."

"இந்த வயசுல குதிக்கச் சொல்றான் பாரு."

குதித்தான். இடமும் வலமும் சாய்ந்தான். சுவிட்ச் விடவில்லை. முன்னால் ஸ்டியரிங் மேல் முழுசாகக் கவிழ்ந்தால் மட்டும் விட்டது. அப்படிக் கவிழ்ந்து யார் ஓட்டப் போகிறார்கள்?

என்னை எங்கள் வீட்டில் டைரக்ட் என்று கூப்பிடுவார்கள். எந்த சுவிட்ச் மக்கர் பண்ணினாலும் இரண்டு ஒயரையும் முறுக்கி டைரக்ட் கொடுத்துவிடுவேன், அதனால் வந்த பெயர். எங்கள் குடும்பத்தில் மோட்டார், மிக்ஸி, காலிங் பெல் எல்லாம் அப்படித்தான் ஓடுகின்றன.

"என்ன யோசிக்கிற டைரக்ட்டு? உன் வேலையைக் காட்ட வேண்டியதுதானே?" என்றான் அண்ணன்.

"சோதனைக்கு மட்டும் குடுக்கறேன். நிக்காம ஓடினா சுவிட்ச்தான் கோளாறுன்னு தெரிஞ்சிடும். அப்புறம் கழட்டிடுவேன்."

"கழட்டாத. அது இருந்து என்னத்த கிழிச்சுது?"

சீட் சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி, இரண்டு முனைக்கும் நடுவே ஒரு துண்டு ஒயரைச் சொருகினேன். அண்ணன் ஏறி உட்கார்ந்து, பிளேடைப் போட்டு, கியரில் தட்டினான். வண்டி சரிவில் இறங்கியது.

ஒரு வரிசை போய் வந்தான். இரண்டாவதும். கையை உயர்த்தி எனக்குக் காட்டினான். இஞ்சின் நிற்கவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து ஸ்க்ரூ டிரைவர்களைத் துடைத்துப் பையில் வைக்கத் தொடங்கினேன்.

மூன்றாவது வரிசை, கீழ்நோக்கி. பாதி தூரத்தில் கோடு இடது பக்கம் சாய்ந்தது.

அண்ணனின் தலை முன்னால் தொங்கியது. பிறகு தோள். பிறகு மொத்த உடம்பும் ஸ்டியரிங் மேல், குழந்தை மேசையில் தூங்குகிற மாதிரி. இஞ்சின் சத்தம் மாறவில்லை. அழகாக, சீராக, நான் சரி பண்ணிக் கொடுத்தபடியே ஓடியது. வண்டி சாய்வாகப் போய்க்கொண்டிருந்தது, வாய்க்காலைப் பார்த்து.

"அண்ணே!"

துணி உலர்த்திக்கொண்டிருந்த அண்ணி திரும்பிப் பார்த்தார். அவர் கத்தவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

நான் கடைசியாக எப்போது ஓடினேன் என்று எனக்கே தெரியாது. சரிவு என்னைத் தள்ளியது. புல் வழுக்கி ஒருமுறை முழங்காலில் விழுந்து எழுந்தேன். முன்னால் போக முடியாது, பிளேடு. பக்கவாட்டில் சக்கரத்தை ஒட்டி ஓடி, அவன் கைக்கு அடியில் என் கையை நுழைத்துச் சாவியைத் திருகினேன்.

பட்டென்று நின்றது. கியரில் இருந்ததால் வண்டி அப்படியே பிடித்துக்கொண்டது. முன் சக்கரம் சிமெண்டுக் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெட்டுப்பட்ட புல் தண்ணீரில் விழுந்து மெதுவாகப் போவதைப் பார்த்தேன்.

அண்ணன் நிமிர்ந்தான். உதட்டோரம் எச்சில். கண் இரண்டும் என்னைத் தாண்டி எங்கோ பார்த்தன. பிறகு ஒவ்வொன்றாக என் முகத்துக்கு வந்தன.

"பாத்தியா? மறுபடியும் நின்னுடுச்சு" என்றான். "நீயும் உன் டைரக்ட்டும்."

சாவியை உருவினேன். அந்த வளையத்திலேயே வேன் சாவியும் தொங்கியது. இரண்டும் சேர்ந்து என் கையில் கிலுகிலுத்தன.

"தானா நிக்கல அண்ணே. நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு? நல்லாத்தானே ஓடிச்சு?"

"நான் கத்தினது கேட்டுச்சா?"

"எப்போ கத்தின?"

அண்ணி வந்து அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு முன் சக்கரத்தை. பிறகு திரும்பி, தான் வந்த வழியை. நேர்க்கோடு, நடுவில் ஒரு சாய்வு. இந்தமுறை சாய்வு பாதியில் முடியாமல் நீளமாக வந்து, அவன் காலடியில் நின்றது. மேலே அங்கங்கே இருந்த மற்ற சாய்வுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"சுவிட்ச் நல்லா இருக்கா?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"நல்லா இருக்கு அண்ணே. எல்லாம் நல்லா இருக்கு."

சூடான இஞ்சின் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. வீட்டு ஓரமாக மஞ்சள் வேனின் பின்புறம் தெரிந்தது. கண்ணாடியில் ஏதோ ஒரு பிள்ளை விரலால் வரைந்த முகம் இன்னும் அழியாமல் இருந்தது.

அண்ணன் கையை நீட்டினான். "சாவியக் குடு."

"மாட்டேன்."

"மூணு மணிக்குப் பசங்க கேட் வாசல்ல வந்து நிப்பாங்கடா."

"நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்றேன்" என்றார் அண்ணி. "வேற வண்டி அனுப்பட்டும். தம்பி உங்கள டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவார். இப்பவே."

அண்ணன் மறுபடி கேட்கவில்லை. நீட்டிய கையை மடக்கவும் இல்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அதே வாய்க்கால்தான் ஊருக்குள் போய்ப் பள்ளிக்கூடப் பாதையைக் குறுக்காக வெட்டுகிறது. அங்கே பழைய பாலம் ஒன்று உண்டு, ஒரு வண்டி போகிற அகலம்.

"இன்னைக்குக் காலையில" என்றான். நிறுத்தினான். "பசங்க பாடிக்கிட்டு வந்தாங்க. பாலத்துல ஏறினது ஞாபகம் இருக்கு."

நீட்டியிருந்த கையை மடக்கினான்.

"இறங்கினது ஞாபகம் இல்லடா."