விநாடிக்குப் பின் ஒரு புள்ளி

ஐந்தரைக்கு எழுந்தேன். பால் வாங்கி வந்து காய்ச்சினேன். பாதியைக் குடித்து, மீதியை மூடி வைத்தேன். பல் துலக்கியது அதற்கு முன்பா பின்பா என்று நினைவில்லை. குளித்துவிட்டு, போனையும் நோட்டையும் பைக்குள் போட்டேன். அரசுத் திட்டத்தில் கட்டும் வீடுகளின் முன்னால் நின்று அட்சரேகை, தீர்க்கரேகை குறிப்பது என் வேலை. அஸ்திவாரத்தில் ஒருமுறை, கூரை போட்டதும் ஒருமுறை. அன்று பெருநகர் கிராமத்தில் மூன்று வீடுகள்.

வண்டியை எடுக்கும்போது மாமியார் ஆண்டாளம்மாள் வந்து நின்றார். இடுப்பில் சாமந்திக் கூடை.

"இன்னா மாப்ள, கல்லறைத் திருநாளும் அதுவுமா வேலைக்குக் கெளம்பிக்கினு கீற?"

என் மனைவி ஷீபா ஜுரத்தில் போய் ஐந்து மாதம். புதைத்த பிறகு நான் கல்லறைப் பக்கம் போகவில்லை.

"ஏரித்தண்ணி பத்து நாளு உள்ள நின்னுதுல்ல, மேடெல்லாம் கரைஞ்சி பூட்ச்சி. செலுவ மெதந்து போயி கரைல ஒதுங்கிக் கீது. எம்பொண்ணு எங்க கீறான்னே தெரியல." கூடையை இறக்கினார். "அன்னிக்கி இன்னாவோ எழுதினியே. பொதைக்கறப்போ போன நோண்றான் பாருன்னு நாந்தான் ஊரெல்லாம் வஞ்சேன். அந்த நோட்ட எட்துக்கினு வா."

எழுதியது உண்மை. மண் தள்ளிக்கொண்டிருந்தார்கள், கை பழக்கத்தில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை எழுதிவிட்டது. ஒரு அஸ்திவாரத்துக்கும் ஒரு கூரைக்கும் நடுவில் ஒரு வரி. பயனாளி: ஷீபா. கணவர் பெயர்: ஜான்சன். எந்தக் கட்டம் என்ற இடம் காலி.

கல்லறையில் தரை ஒரே மட்டமாக, சேறு காய்ந்து வெடிக்கத் தொடங்கியிருந்தது. குழி தோண்டும் பச்சமுத்து மரச்சிலுவைகளைப் பொறுக்கிக் கரையோரம் விறகு போல அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர்கள் ஊறி அழிந்திருந்தன.

"வா சாரு. எல்லாரும் ஒரே பாய்ல படுத்துக்கினு கீறாங்க. அவங்களா எய்ந்து பேர் சொன்னாத்தான் உண்டு."

"வாய கழுவுடா. நீதான தோண்ன, ஒனக்குத் தெரியாதா?"

"இருவது வருசமா தோண்றேன்மா. எல்லாக் குழியும் ஒரே மாரிதான் கீது."

போனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எண்கள் மாறி மாறி வந்து, நோட்டில் இருந்ததோடு ஒத்துப்போயின. நின்றேன். இன்னும் பத்தடி நடந்தேன். அப்போதும் ஒத்துப்போயின. நோட்டை மறுபடி பார்த்தேன். டிகிரி, நிமிடம், விநாடி. அதோடு முடிந்திருந்தது. எந்த வீட்டுக்கும் நான் அப்படி விட்டதில்லை. ஒரு விநாடி என்பது தரையில் முப்பது மீட்டர். ஒரு புள்ளியும் அதன்பின் ஒரு எண்ணும் போட்டிருந்தால் மூன்று மீட்டருக்குள் வந்திருக்கும்.

"இன்னா, நின்னுட்ட?"

"நான் சரியா எழுதல அத்த. இந்த வேலிலர்ந்து அந்த மோட்டார் ரூம் வரைக்கும். இதுக்குள்ள எங்கியோ."

அவர் வேலியைப் பார்த்தார். மோட்டார் ரூமைப் பார்த்தார்.

"இதுக்குள்ளதான?"

"ஆமா."

"இத்த தாண்டி இல்லயே?"

"இல்ல அத்த."

கூடையிலிருந்த சரத்தை எடுத்து நாரை உருவினார். பூவை உதிர்த்து, வேலியோரத்தில் தொடங்கி, நாற்று நடுவதுபோல் குனிந்து வைத்துக்கொண்டே போனார். "எல்லாருக்கும் வைப்போம். பக்கத்துல கீறவங்க வேணான்னா சொல்லப் போறாங்க?" மெழுகுவத்தி பத்துதான் இருந்தது. உடைத்து இருபதாக்கி, அவர் பின்னால் ஊன்றிக்கொண்டே போனேன். காற்றில் பாதி அணைந்தன. திரும்பி வந்து ஏற்றினேன்.

குனிந்தபடியே கேட்டார். "ஆஸ்பத்திரில கடசியா உங்கிட்ட இன்னா சொன்னா?"

யார் கேட்டாலும் அவள் ஒன்றும் சொல்லவில்லை என்றே சொல்லி வந்தேன். இரண்டு நாளாக நான் சாப்பிடாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, ஊசி குத்தியிருந்த கையால் என் சட்டையை இழுத்தாள். அத்தையிடம் அதை அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"யோவ், போய் எதனா நாஷ்டா துன்னுட்டு வா. நான் எங்க போப்போறேன், இங்கதான கீறேன்."