தாளில் தெரியாத தூள்

மூன்று குடைக்காளான்களின் காம்பை நறுக்கி, குடையின் அடியிலுள்ள மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத்தாளில் வைத்து, டம்ளரால் மூடிவிட்டு வேலைக்குப் போயிருந்தாள் பொற்கொடி. மூன்று மணிக்கு வந்து திறந்தாள். முதல் தாளில் மங்கலான பச்சைத் தூள். மற்ற இரண்டிலும் ஒன்றுமே இல்லை. எட்டு மணி நேரமாகியும் ஏன் இல்லை?

காளான்களை நேற்று மழை விட்டதும் மாடு மேயும் புல்வெளியில் பறித்து வந்தவன் அவள் கணவன் ஜெகதீஷ். பை நிறைய. நாட்றாம்பாளையத்துக்காரி மாதேஸ்வரி, பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னாள்: “அக்கா, இதுல ரெண்டு சாதி இருக்குது. பாத்தா அக்கா தங்கச்சி மாதிரியே இருக்கும். பச்சைத் தூள் கொட்றது ஆகாது, வாந்தி எடுக்க வெச்சுப் படுக்கப் போட்டுடும்.”

ஐந்து மணி பஸ்ஸில் ஜெகதீஷின் அக்கா ரேவதி, இரண்டு குழந்தைகளோடு வருகிறாள். காளான் குழம்பு என்று போனில் சொல்லியாகிவிட்டது.

“பச்சை விழுந்ததைத் தூக்கிப் போடு. ஒண்ணும் விழாததுங்க பாஸ்தானே?” என்றான் ஜெகதீஷ்.

“அளவே காட்டாத பீஸை நான் பாஸ் பண்ணமாட்டேங்க.”

“கம்பெனியிலதான் நீ கியூசி, தரம் பாக்கறவ. அடுப்படியிலயுமா?”

அவன் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான். அவள் தாள்களை வெளிச்சத்தில் சாய்த்தாள், திருப்பினாள், மறுபடி சாய்த்தாள். மணி நாலு. இரண்டாம் தாளை விரலால் தடவிப் பார்த்து, பழக்கத்தில் கருநீல யூனிபார்மில் துடைத்தாள். துணியில் வெள்ளைக் கோடு விழுந்தது.

மூன்றாம் தாளையும் தடவித் துடைத்தாள். கோடு விழவில்லை. அந்தக் குடை இன்னும் சரியாக விரியாத மொட்டு.

“இங்க பாருங்க. இது வெள்ளைத் தூள், வெள்ளைத்தாள்ல தெரியல. இது தூளே விடல. பெருசானா எந்தச் சாதின்னு யாருக்குத் தெரியும்? உங்க பையில பாதி மொட்டு.”

ஜெகதீஷ் கத்தியை வைத்தான். “பிள்ளைங்க வேற வருதுங்க,” என்றான் மெதுவாக.

வழி இதுதான். பாதி கறுப்பு, பாதி வெள்ளையான தாளில் காளானை வைக்க வேண்டும். பச்சைத் தூள் வெள்ளைப் பாதியில் தெரியும், வெள்ளைத் தூள் கறுப்புப் பாதியில் தெரியும். இரண்டிலும் இல்லையென்றால் காளான் இன்னும் எதையும் சொல்லவில்லை. வெள்ளைத் தூள் என்பதற்காக மட்டும் அதைத் தின்னலாம் என்றும் ஆகாது. ஐந்து மணிக்குள் அதற்கெல்லாம் நேரமில்லை; இரண்டு சாதியும் கலந்த பை முழுசாகக் குப்பைக் குழிக்குப் போனது. உரித்த வெங்காயத்தில் முட்டைக் குழம்பு.