குட்டி இட்லித் தட்டில் சாக்லேட்

டோனிக்குச் சமையலில் தெரிந்தது வெந்நீர். அதிலும் கொதித்துவிட்டதா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டித்தான் இறக்குவான். அப்படிப்பட்டவன் முக்கொம்புப் பூங்காவில், முதல்முறையாகப் பார்க்கிற ஒரு பெண்ணிடம், "சாக்லேட் செய்வேங்க. வீட்டுலயே. கடலை வச்ச சாக்லேட்" என்று சொன்னதற்கு முழுப் பொறுப்பும் அங்கே நின்றிருந்த கடலை வண்டியையே சாரும்.

நடந்தது இதுதான். உறையூர் அற்புதசாமி, லூர்துராணி தம்பதியின் ஒரே மகன் டோனி. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்து அங்கேயே வங்கியில் வேலை பார்க்கிறவள் ஃபெமினா. கோயில் திருவிழாவில் யாரோ இரண்டு வீட்டுக்கும் முடிச்சுப் போட்டுவிட, "பிள்ளைங்க ஒருதரம் பேசிக்கட்டும்" என்று பெரியவர்கள் பெருந்தன்மையோடு முக்கொம்புக்கு அழைத்துப்போனார்கள். பிள்ளைகளைத் தனியே விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டு, காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துவிட்டு, காவிரி எது, கொள்ளிடம் எது என்று ஆற்றை விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபெமினா சுற்றி வளைக்கவில்லை. "சமைப்பீங்களா?" என்றாள்.

டோனி பதிலைத் தேடி அக்கம்பக்கம் பார்த்தான். ஒரு பக்கம் கடலை வண்டி. மறுபக்கம் முகமெல்லாம் சாக்லேட் பூசிக்கொண்டு ஒரு குழந்தை. இரண்டையும் அவன் மூளை அவனைக் கேட்காமலே கூட்டிச் சொல்லிவிட்டது.

"அட, பரவாயில்லையே" என்றாள் ஃபெமினா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேங்க. இதுக்கு முன்னாடி ரெண்டு வரன் வந்துச்சு. ஒருத்தர் ஃபோட்டோல சாஞ்சுக்கிட்டு நின்ன கார் அவரோடது இல்ல, எதுத்த வீட்டுது. இன்னொருத்தர் குடிக்கவே மாட்டேன்னாரு. சொல்லும்போதே வாசம் வந்துச்சு. தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லிடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. பொய்னு தெரிஞ்சா மட்டும் நின்னு சண்டையெல்லாம் போட மாட்டேன். அடுத்த பஸ்ல ஏறிப் போயிட்டே இருப்பேன்."

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் 'பரவாயில்லையே' என்று சொன்ன விதம் டோனிக்கு ரொம்பவே பிடித்துப்போயிருந்தது. பிடித்தவர்களிடம் உண்மை பேசும் பழக்கம் அவனுக்கு இனிமேல்தான் வரவேண்டும்.

"அப்ப வீடு பாக்க வரும்போது செஞ்சு வைங்க. நானும் வரேன்" என்று அவள் முடித்துவிட்டாள்.

வீடு பார்க்க வருவது என்பது, பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டுக் குழாயைத் திறந்து பார்த்துவிட்டு, "வீடு நல்லா இருக்கு" என்று சொல்லும் ஒரு சடங்கு. அதற்கு வழக்கமாகப் பெண் வரமாட்டாள். இவள் வருகிறாள். சாக்லேட் சாப்பிட வருகிறாள்.

சொன்ன பொய்யைத் திரும்பப் பெற முடியாது. உண்மையாக்கத்தான் முடியும் என்று டோனி முடிவு செய்தான். அலுவலக நண்பன் சிவசங்கர் ஒரு வீடியோ அனுப்பினான். அடுப்பே வேண்டாம், பச்சைக் குழந்தைகூடச் செய்யலாம் என்று தலைப்பு. அதில் வந்த பெண்மணியின் சமையலறை உறையூரில் ஒரு தெரு அகலம் இருந்தது. வறுத்த வேர்க்கடலையை வெண்ணெய் போல அரைத்து அடியில் ஒரு படலம். கொக்கோ தூள், சர்க்கரைப் பொடி, தேங்காய் எண்ணெய் மூன்றையும் குழைத்து மேலே ஒரு படலம். ஃப்ரீசரில் வைத்தால் முடிந்தது.

டோனி சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் அலைந்து கொக்கோ தூள் பாக்கெட் ஒன்றை வாங்கி வந்தான். அதை மேடையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் அவன் செய்த முதல் தவறு.

பாக்கெட் ஒன்று பாக்கெட்டாகவே இருப்பதை லூர்துராணியால் தாங்கிக்கொள்ள முடியாது. அந்த வீட்டில் எந்தப் பாட்டிலிலும் மேலே எழுதியிருப்பது உள்ளே இருக்காது. ஊறுகாய் பாட்டிலில் கடுகு. ஐஸ்கிரீம் டப்பாவில் கறிவேப்பிலை. பிஸ்கட் டின்னில் ஊசியும் நூலும். அந்த வழக்கப்படி கொக்கோவும் ஒரு பழைய ஜாம் பாட்டிலுக்குக் குடிபோனது. பக்கத்திலேயே அதே அச்சில் இன்னொரு ஜாம் பாட்டில். அதிலும் ஒரு தூள், அன்று காலை மில்லில் அரைத்து வந்தது. அது என்ன தூள் என்று லூர்துராணி சொல்லவில்லை. டோனியும் கேட்கவில்லை.

வேர்க்கடலையை அவனே வறுத்தான். தோலை ஊதினான். தோல் சமையலறை முழுக்கப் பறந்து, சாமி படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுவர்த்தியில் கொஞ்சம் கருகியது. மிக்ஸியில் கடலை முதலில் பொடியானது, பிறகு முரண்டு பிடித்து உருண்டையானது. மிக்ஸி சூடாகி அழுதபோது திடீரென்று எண்ணெய் விட்டு, வழுவழுவென்று இளகிக் கொடுத்தது. டோனிக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் வெந்நீருக்கு அடுத்தபடியாக ஒன்று அவன் சொன்னபடி கேட்டிருக்கிறது.

'தேங்காய் எண்ணெயை உருக்கிக்கொள்ளவும்' என்றாள் வீடியோப் பெண்மணி. மார்ச் மாதத் திருச்சியில் உறைந்த தேங்காய் எண்ணெயைப் பார்த்தவர் யாருமில்லை. அப்படியே ஊற்றி, ஒரு ஜாம் பாட்டிலைத் திறந்து, தூளைக் கொட்டிக் குழைத்தான். நிறம் வீடியோவில் இருந்ததைவிட வெளுப்பு, லேசாகப் பச்சை. வீடியோக்காரர்கள் நிறத்தைக் கூட்டித்தான் காட்டுவார்கள் என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மோந்து பார்க்கலாம் என்றால், அலுவலக ஏசி உபயத்தில் மூக்கு ஒரு வாரமாக அடைத்துக் கிடந்தது.

வாயில் போட்டுப் பார்த்திருக்கலாமே என்றால், அது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். தவக்காலத்தில் ஆளுக்கு ஒன்றை விட்டுவிடுவது அந்த வீட்டு வழக்கம். டோனி இனிப்பை விட்டிருந்தான். லூர்துராணி இனிப்போடு காப்பியையும் விட்டிருந்தார், அதனால் வீட்டில் மற்றவர்களும் சேர்ந்து தவம் செய்துகொண்டிருந்தார்கள். அற்புதசாமிக்குச் சர்க்கரை வியாதி. அவருக்கு வருஷம் பூராவும் தவக்காலம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் விரதக் கணக்கில் வராது. ஆனால் டோனி செய்தது சனிக்கிழமை. ஆக, கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் மொத்தமாகச் சேர்ந்து, அந்தச் சாக்லேட்டை யாரும் ருசி பார்த்துவிடாமல் காபந்து செய்தது.

அச்சுக்குக் குட்டி இட்லித் தட்டு. குழிகுழியாக ஊற்றி ஃப்ரீசரில் வைத்தான். சாயங்காலம் அதைத் திறந்து பார்த்த லூர்துராணி, சட்டென்று மூடினார்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லடா. பாசி புடிச்ச மாதிரி இருக்கு."

"அது டார்க் சாக்லேட்டும்மா."

"டார்க்கோ என்னவோ, அதை விருந்தாளிக்கு வைக்க முடியாது. நான் கடையில வாங்கிட்டு வரேன். தாளைப் பிரிச்சுட்டுத் தட்டுல வச்சா யாருக்குத் தெரியப்போவுது?"

"வேணாம்மா! அவங்களுக்குப் பொய்னா ஆகாது!"

"பொய் எங்கடா சொல்றோம்? தட்டுல வைக்கிறோம், அவ்வளவுதான்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூன்று பேர் வந்தார்கள். ஃபெமினா. அவள் அப்பா அமிர்தராஜ். பந்தியில் எதையும் மிச்சம் வைத்தறியாத மரியாதைக்காரர். அப்பாவின் தங்கை பேட்ரிசியா அத்தை. வந்ததும் நேராகப் போய்க் குழாயைத் திறந்தவர்.

"போர் தண்ணியா, காவிரியா?"

"காவிரிங்க" என்றார் அற்புதசாமி, தானே வெட்டிக் கொண்டுவந்த மாதிரி.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். "மாப்பிள்ளை தம்பி சாக்லேட் செய்வாராமே" என்று அத்தை ஆரம்பித்தார். "நான் அப்பவே இவகிட்ட சொன்னேன், கடையில வாங்கி வச்சிருப்பாங்கன்னு. சும்மா தமாஷுக்கு."

டோனி எழுந்திருப்பதற்குள் லூர்துராணி தட்டோடு வந்துவிட்டார். பளபளவென்று, ஒரே அளவில், சதுரம் சதுரமாகச் சாக்லேட். 

அத்தை ஒன்றை எடுத்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டினார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இதுல என்னமோ எழுத்து இருக்கே." எழுத்துக் கூட்டிப் படித்தார். கம்பெனி பெயர். "ஏன் தம்பி, வீட்டுல செய்யும்போது கம்பெனி பேரையும் நீங்களே அடிச்சிருவீங்களா?"

தாளைப் பிரித்த லூர்துராணிக்குச் சாக்லேட்டின் முதுகிலும் பெயர் இருக்கும் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஃபெமினா மடியில் இருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

அந்தப் பை தோளில் ஏறியதைப் பார்த்ததும் டோனிக்குச் சத்திரம் போகும் பஸ்ஸின் ஹாரனே கேட்டுவிட்டது.

"இருங்க! ஒரே நிமிஷம்! நான் செஞ்சது உள்ள இருக்கு!"

"டேய், அதை எடுக்காதடா" என்று லூர்துராணி அவன் பின்னாலேயே ஓடினார்.

இட்லித் தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்தான். குழிக்கு ஒன்றாக, அடியில் பொன்னிறமும் மேலே குளத்து நிறமுமாக உட்கார்ந்திருந்தன. தட்டிலிருந்து பனிப்புகை எழுந்தது. யாரும் முதலில் கை நீட்டவில்லை. பிறகு ஃபெமினா ஒன்றை எடுத்தாள். அவள் எடுத்ததும் அமிர்தராஜும் அத்தையும் எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதானே என்று டோனியும் ஒன்றை வாயில் போட்டான்.

முதலில் கடலை வந்தது. பிரமாதமாக இருந்தது. பிறகு மேல் படலம் கரைந்தது.

அத்தையின் முகம் ஒரு பக்கமாகச் சுருங்கியது. அமிர்தராஜ் மென்றார், மென்றுகொண்டே இருந்தார். "ம்... உடம்புக்கு நல்லதா இருக்கும் போல" என்று சொல்லி, செம்புத் தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். அவர் வாயை மூடியபோது மீசையின் இரு ஓரங்களிலும் வெள்ளை நுரை பூத்தது. தானும் ஒன்றை எடுக்கப் போன அற்புதசாமி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் சர்க்கரை வியாதிக்கு நன்றி சொல்லிக் கையை இழுத்துக்கொண்டார்.

ஃபெமினா கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு அவள் தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று டோனி பயந்துபோனான். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, கடையில வாங்கினதுன்னீங்களே, இதை எந்தக் கடையில விப்பாங்க?"

"வித்தா ஊரே சேர்ந்து கடையை இடிச்சுப்புடும்" என்றார் அத்தை, நாக்கைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி. "இது சத்தியமா வீட்டுல செஞ்சதுதான்டி."

அப்போதுதான் சமையலறையிலிருந்து லூர்துராணியின் குரல் வந்தது. "டோனீ! கொக்கோ பாட்டில்ல கையே வைக்கலையேடா! என் சீயக்காய்ல பாதியைக் காணோம்!"

கூடம் ஒரு கணம் உறைந்தது, ஃப்ரீசர் இல்லாமலே.

"அண்ணி, பூந்திக்கொட்டை சேர்த்து அரைச்சீங்களா?" என்று அத்தை காரியத்துக்கு வந்தார்.

"இல்லைங்க. வெந்தயம், பச்சைப்பயறு, செம்பருத்தி இலை. அவ்வளவுதான்."

"அப்ப வயித்துக்கு ஒண்ணும் ஆகாது. அண்ணே, போய் வாயைக் கொப்புளிச்சுட்டு வாங்க. நல்லா நுரை போற வரைக்கும்."

அமிர்தராஜ் எழுந்தார். இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் வற்புறுத்தப் போவதில்லை என்ற நிம்மதி அவர் நடையில் தெரிந்தது.

டோனி இட்லித் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒண்ணு சொல்லிடறேங்க. இதான் முதல் தடவை செய்யறேன். முக்கொம்புல சொன்னப்ப எனக்குச் சாக்லேட்டைப் பிரிச்சுத் திங்க மட்டும்தான் தெரியும். கடலை வண்டி எதுக்கால நின்னுச்சு, வாயில வந்துருச்சு. பொய்தான். எனக்கு வெந்நீர் போடத் தெரியும். அதுவும் அம்மா பக்கத்துல இருக்கணும்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு மூக்கடைப்பு விட்டது போல் இருந்தது. நிஜமாகவே விட்டிருந்தது. கூடம் முழுக்கச் சீயக்காய் வாசம்.

ஃபெமினா ஒரு குழியிலிருந்து மேல் படலத்தை நகத்தால் பெயர்த்துப் போட்டுவிட்டு, அடியில் இருந்த கடலையை மட்டும் எடுத்து வாயில் போட்டாள்.

"அந்தக் கார்க்காரர், சொன்ன பொய்யை நிஜமாக்கக் காரை வாங்கிட்டு வந்து நிக்கலை" என்றாள். "இந்தக் கடலையை நீங்களேவா அரைச்சீங்க?"

"ஆமாங்க."

"இது நல்லாருக்கு."

 அமிர்தராஜ் முகம் கழுவி வந்ததும், "வீட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோம்" என்று பெரியவர்கள் முறைப்படி சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். 'வீடு நல்லா இருக்கு' என்று சொல்ல எல்லோருமே மறந்துவிட்டார்கள் என்பதை டோனி கவனித்தான்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் கூடப் போனான். வெயில் தலையில் இறங்கியது.  அமிர்தராஜ் அவ்வப்போது மீசையைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டார்.

சத்திரம் பஸ் வந்து நின்றது. காலியான பஸ். அத்தை ஏறுவதற்குப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். டோனி பஸ்ஸைப் பார்க்கவில்லை. ஃபெமினாவின் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். அது ஒரு அடி முன்னால் போனால் தீர்ந்தது.

போகவில்லை.

"அப்பா, அடுத்ததுல போலாம்ப்பா" என்றாள் ஃபெமினா. பிறகு டோனி பக்கம் திரும்பினாள். "அந்த வீடியோவை அனுப்புங்க, எங்க வீட்டுல செஞ்சு பாப்போம். கொக்கோ பாட்டில் எதுன்னு நான் எடுத்துத் தரேன்."

டோனி ஃபோனை எடுத்தான். அவசரத்தில் முதலில் சிவசங்கருக்கே திருப்பி அனுப்பிவிட்டான். இரண்டாவது முறை சரியாகப் போனது.

பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு கிளம்பியது. தூக்கிய புடவையை இறக்கிவிட்டு, அத்தை அதன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தனை சீட்டும் காலியா இருந்துச்சேடி."