அழியாத படகு

வயதான பயிற்சி ஆசிரியர் ஒத்தேகென், அலையை அடக்கும் திருகைக் கடைசிவரை திருப்பினார். ராடார் திரையில் கொதித்துக்கொண்டிருந்த அலைப் புள்ளிகள் அத்தனையும் துடைத்துவிட்டதுபோல மறைந்தன. ஒரு புள்ளி மட்டும் நின்றது. மீன்பிடிப் படகு.

"இது எப்படி நிக்குது?"

"நல்லதுதானே, அகா? படகு தெரியுதே," என்றாள் சௌரே. பெரியவர்களை அங்கே அகா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்தாவ் துறைமுகத்துக் கடற்காவல் பயிற்சிக்கூடத்தில் கணினிக்குள் இந்தப் பொய்க்கடலைக் கட்டியவள் அவள்தான்.

"மண்ணாங்கட்டி! நிஜக் கடல்ல இந்தத் திருகு அலையை மட்டுமா அடக்கும்? சின்னப் படகையும் சேர்த்துல்ல முழுங்கும்!"

சௌரே தலை குனிந்தாள். "படகைத் தனியா வரைஞ்சு மேலே ஒட்டியிருக்கேன். அலையோட கலக்க அரை நாள் போதும். கேப்டன்தான் வேணாம்னுட்டார். பயிற்சிப் பசங்க பரீட்சையில ஃபெயிலாயிடுவாங்களாம்."

ஒத்தேகெனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், காற்று அடித்த ஒரு காலையில், காவல் கப்பலில் இதே திருகை இப்படித் திருப்பியது அவர் கைதான். திரை பளிச்சென்று இருந்தது. கப்பலுக்கு அடியில் ஏதோ உரசியது. பவுத்தினோ கிராமத்து மீனவர் இரண்டு பேர். ஒரு பூட்ஸ்தான் கிடைத்தது. 'அலை அதிகம்' என்று எழுதி விசாரணையை மூடினார்கள். அலை வந்து சாட்சி சொல்லவா போகிறது?

கேப்டன் செரிம்பெத் தேர்ச்சித் தாளோடு வந்தார்.

"அகா, கையெழுத்துப் போடுங்க. ஆறு பேரும் நூத்துக்கு நூறு. நாளைக்கு மேலிடத்து ஆளுங்க வர்றாங்க."

"ஆளைக் கொல்ல நூத்துக்கு நூறு! திங்கக்கிழமை இவனுங்க நிஜக் கடலுக்குப் போறானுங்க. படகை அலையோட கலக்கச் சொல்லு. மறுபடி உட்காரட்டும்."

"நாலாங்கிளாஸ் படிச்சவர் கம்ப்யூட்டருக்கு வாத்தியாரா?"

"நாலாங்கிளாஸ்தான். செத்தவன் ரெண்டு பேரை எண்ணத் தெரியும். உனக்கு அதுவும் தெரியல."

கேப்டனின் முகம் சிவந்தது. "நீங்க போடலைன்னா நான் போடறேன்." போட்டும்விட்டார்.

மேஜையில் பால் தேநீர்க் கிண்ணங்கள் ஒரு அலுமினியத் தட்டில் இருந்தன. ஒத்தேகென் கிண்ணங்களை இறக்கி வைத்துவிட்டுத் தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"அது அரசாங்கச் சொத்து!"

"மீனவன் யாரு சொத்து?"

அன்று மாலையே பவுத்தினோ கரைக்குப் போய், வலையை உலர்த்திக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டார். தட்டை முழங்காலில் வைத்துச் சுவர் மூலைபோல மடக்கினார்.

"தகரம் எது கிடைச்சாலும் இப்படி மடக்கி, கம்பு உச்சியில கட்டுங்க. ராடாருக்குத் தகரம்தான் கண்ணுல படும். காத்தடிச்சா கடலுக்கே போகாதீங்க. திங்கக்கிழமையிலேருந்து குருடனுங்க காவலுக்கு வர்றானுங்க."

"உமக்கு எப்படித் தெரியும்?" என்றான் துர்சின். அன்றைக்குச் செத்த ஒருவனின் தம்பி.

"மொதக் குருடன் நான்தான். உங்கண்ணனை இடிச்சப்போ திருகுமேல இருந்தது என் கை."

துர்சின் எட்டு வைத்து முன்னால் வந்தான். அடிக்கப்போகிறான் என்று ஒத்தேகென் அசையாமல் நின்றார். துர்சின் தட்டைப் பிடுங்கினான், மணலில் காறித் துப்பினான், அவர் முகத்தைப் பார்க்காமலே போய்த் தன் படகின் கம்பில் அதைக் கட்ட ஆரம்பித்தான்.