தவிட்டுக்கு வாங்கிய பெண்

தூதரகமாக இல்லாமல் வேறு இடமாக இருந்திருந்தால், அந்தக் கண்ணாடி ஜன்னல் முன்னாலேயே மாலாவுக்கு ஓர் அறை விட்டிருப்பேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

மாலா என் தம்பி வடிவேலின் மனைவி. அவன் அமெரிக்கக் குடிமகனாகி வருஷங்கள் ஆகிவிட்டன. இவளுக்கு விசா இழுத்துக்கொண்டே போனதால் டெல்லியில், சரோஜினி நகரில், என்னுடைய அரசாங்கக் குவார்ட்டர்ஸில்தான் இருந்தாள். இரண்டு வயது மதுமதி பிறந்ததும் இங்கேதான். தகப்பன் வழியில் பிள்ளைக்கு அந்த நாட்டுக் குடியுரிமை கேட்டிருந்தோம். மாலாவின் விசா ஒருவழியாக வந்துவிட்டது; இதுவும் கிடைத்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்து அவனோடு போய்விடலாம். அதற்காகவே வடிவேல் லீவு போட்டு வந்திருந்தான். நான் பால் பாட்டிலும் மாற்றுத் துணியுமாக சாணக்யபுரிக்குக் கூடப் போனேன்.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழம்மாள். கேட்டது ஒன்றும் பெரிய கேள்வி இல்லை.

"இது நீங்க பெத்த குழந்தையா?"

மாலா தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லைங்க. மாடி வீட்டு ருக்கு மாமி பிள்ளை. தவிடு குடுத்து வாங்கினோம்."

தமிழம்மாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் சொன்னதைச் சொன்னபடி சொல்வதுதானே அவள் வேலை? சொன்னாள். அப்புறம் இப்படி ஒரு வழக்கம் எங்களில் உண்டு என்றும் விளக்கிப் பார்த்தாள். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். அந்த நேரம் பார்த்து மதுமதி மாலாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "மாலா, வீட்டுக்குப் போலாம்" என்றாள். பெற்ற தாயைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற பிள்ளை! அதிகாரி பேனாவை மூடி வைத்தார். டி.என்.ஏ. பரிசோதனை செய்து தாய் தகப்பனை நிரூபித்தால்தான் மேற்கொண்டு பார்க்க முடியும் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தவிட்டு விஷயம் இதுதான். மாலாவுக்கு முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்தவுடன், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வழக்கப்படி, பிள்ளையை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டு, தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்கினோம். பெற்றதில்லை, வாங்கினது, அதுவும் தவிட்டு விலைக்கு என்றால் எமன் திரும்பிப் பார்க்க மாட்டானாம். டெல்லியில் அரிசித் தவிட்டுக்கு எங்கே போவது? மாவு மில்காரனிடம் "பையா, தோடா சோக்கர்" என்று கேட்டுக் கோதுமைத் தவிடு வாங்கி வந்தது நான்தான். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டது மாடி வீட்டு ருக்கு மாமி. மற்றவர்கள் இதைச் சடங்காகச் செய்துவிட்டு மறந்துபோவார்கள். மாலா மறக்கவில்லை. ஒரு நாள்கூட அவள் "என் பொண்ணு" என்று சொன்னதில்லை. அம்மா என்று கூப்பிடப் பழக்கவுமில்லை. குழந்தை ருக்கு மாமியைத்தான் அம்மா என்றது. மாமியும் கண் கலங்கக் கலங்க அதை ஏற்றுக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏட்டி, ஒனக்குப் புத்தி கித்தி இருக்கா? ஆமானு ஒரு வார்த்தை சொன்னா வாய் கோணிப் போயிருமா?"

"டெஸ்ட்டும் வேண்டாம் மதினி. நான் போகல. உங்க தம்பி மட்டும் போகட்டும்."

வடிவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். "மாலா, பிள்ளை முகத்தை எத்தனை நாள் போட்டோவிலேயே பார்ப்பேன்?"

"பிள்ளை இருந்தாத்தானே பாக்க முடியும்?" என்றாள் மாலா. "ரெண்டையும் என் ராசா, என் தங்கம்னுதான் கொஞ்சினேன், மதினி. ரெண்டும் நிக்கல. இது வாங்கினதுனு சொல்லிச் சொல்லித்தான் நடக்குது, ஓடுது. இப்ப நான்தான் பெத்தேன்னு எழுதி முத்திரை குத்தச் சொல்லுதீங்களே."

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கை எல்லாம் கிடையாது. ஆனாலும் அந்த இரண்டு குழந்தைகளையும் துணி சுற்றிக் கையில் வாங்கினவள் நான்.

ருக்கு மாமிதான் கீழே இறங்கி வந்து சமாதானம் சொன்னாள். "கன்னத்துக்குள்ள பஞ்சால ஒரு தடவு தடவப் போறா, அவ்வளவுதான். நீ வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேண்டாண்டி. மிஷின்தானே சொல்லப் போறது? மிஷின் சொன்னா நோக்கென்ன?"

அந்தச் சமாதானம் மாலாவுக்குப் பிடித்திருந்தது. மூன்று பேர் வாயிலும் பஞ்சு தடவினார்கள். முடிவு வந்தது: தகப்பன் வடிவேல், தாய் மாலா. மறுபடி கூப்பிட்டார்கள். சரி, கையெழுத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டு போனோம்.

முடியவில்லை. முன்னே மறுத்துச் சொல்லியிருப்பதால், இப்போது வலது கையைத் தூக்கி உறுதிமொழி சொல்லி, அவள் வாயாலேயே பதில் சொல்ல வேண்டுமாம். தமிழம்மாள் மெதுவாகக் கேட்டாள். "இது நீங்க பெத்த குழந்தையா?"

மாலா கையைத் தூக்கியபடி நின்றாள். மதுமதி வடிவேலின் தோளில் இருந்துகொண்டு அவன் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. மாலா அவர்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமா," என்றாள். "என் பொண்ணு. நான் பெத்தவ."

அதிகாரி சிரித்து வாழ்த்துச் சொன்னார். வடிவேல் அழுதே விட்டான். மாலா மட்டும் வீடு வரைக்கும் ஆட்டோவில் குழந்தையின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் குழந்தைக்கு உடம்பு சுட்டது. கடைவாய்ப் பல் முளைக்கிறது, கொஞ்சம் ஜுரம் இருக்கும் என்று டாக்டர் சொல்லி மருந்தும் கொடுத்தார். திரும்பி வந்து நான் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் மாலாவைக் காணோம். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் சோக்கர் பொட்டலத்தோடு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். நானும் வடிவேலும் பின்னாலேயே ஓடினோம்.

ருக்கு மாமி கதவைத் திறந்தாள்.

"மாமி, பிள்ளையப் பிடிங்க. மறுபடி உங்க பிள்ளையாக்கிட்டு எனக்குத் தாங்க. தவிடு கொண்டாந்திருக்கேன்."

குழந்தை "அம்மா" என்று மாமியிடம் தாவியது. மாமியின் கைகள் தானாகவே நீண்டன. அப்புறம் என்ன நினைத்தாளோ, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேண்டி மாலா."

"மாமி, உங்க காலைப் பிடிக்கிறேன்."

"அன்னிக்கு வாங்கினப்போ அது யாரோ பெத்த குழந்தை. திருப்பித் தர நேக்குக் கஷ்டமா இல்லை. இப்போ ரெண்டு வருஷமா அம்மா அம்மான்னு கூப்பிடறது. இன்னொரு தரம் என் கையில குடுத்தா, சத்தியமாச் சொல்றேன், திருப்பித் தர மாட்டேன். எத்தனை தவிடு கொண்டு வந்தாலும் தர மாட்டேன்." மாமிக்கு உதடு துடித்தது. "நெஜமாவே குடுக்கறதா இருந்தாக் குடு. இல்லேன்னா கீழே அழைச்சுண்டு போ."

குழந்தை மாமி பக்கம் கையை நீட்டி அழுதது. நான் வாயைத் திறக்கப் போனேன். வடிவேல் என் கையைப் பிடித்து நிறுத்தினான்.

தவிட்டுப் பொட்டலம் படியில் விழுந்து சிதறியது. மாலா இரண்டு கையாலும் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"அழாத," என்றாள். "அழாதட்டி. அம்மா இருக்கேன்லா."

குழந்தை அழுகையை நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு மாமியைப் பார்த்தது. மாமி கதவைச் சாத்திக்கொண்டாள்.