சொர்ணம் உடுத்தியிருந்த சேலை

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடினால் போதும், சண்முகசுந்தரம் கடலுக்குள் இருப்பார். நம்ம ஊர்க் கடல்தான். நொச்சிக்குப்பத்துப் படகுகள் தலைக்கு மேலே நிழல்களாக மிதக்கும். சுற்றிலும் பச்சை வெளிச்சம். பயம் என்பதே இருக்காது. இன்னும் கொஞ்சம் கீழே போனால் அங்கே சொர்ணம் நிற்பாள். பெண்டாட்டி. செத்துப்போய் மூன்று வருஷம் ஆகப்போகிறது. அவரைப் பார்த்து அவள் ஏதோ சொல்லுவாள், தண்ணீருக்குள் சொன்னால் எப்படிக் கேட்கும்? அவர் கிட்டே போவார். கிட்டே போகப் போக நெஞ்சு கனத்துக்கொண்டே வரும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிற நேரத்தில் யாரோ வெடுக்கென்று மேலே இழுத்துவிடுவார்கள். அப்புறம் கட்டில், ஃபேன், வியர்வையில் நனைந்த தலையணை, காய்ந்த நாக்கு. ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில்தான் படுத்திருப்பார்.

வேறு ஒருவர் என்றால் உட்கார்ந்து அழுதிருப்பார். சண்முகசுந்தரம் தி.நகரில் முப்பத்தைந்து வருஷமாகப் பட்டுச்சேலை விற்கிறவர். விழித்ததும் அவர் மனசில் எழும் முதல் கேள்வி, அவள் உடுத்தியிருந்தது என்ன சேலை என்பதுதான். கடைக்குள் நுழைகிற பெண்ணைப் பத்தடி தூரத்தில் பார்த்தே, சேலை எந்த ஊர்த் தறி, ஜரிகை அசலா என்றெல்லாம் சொல்லிவிடுகிற மனிதர். கனவில் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. ஏதோ ஒரு அடர்ந்த நிறம் தெரியும். அதன் மேல் வெள்ளை வெள்ளையாய்த் தண்ணீர்க் குமிழிகள் மொய்த்துக்கொண்டு, பார்டரைக்கூடப் பார்க்க விடாது.

அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். சுமங்கலியாகப் போனவளுக்கு வருஷம் ஒருமுறை புதுச்சேலை வைத்துக் கும்பிடுவார்கள், பிறகு அதை வீட்டுப் பெண் கட்டிக்கொள்வாள். கருமாதி முடிந்த மாதமே கனவு வந்ததில் சண்முகசுந்தரத்துக்கு ஒன்று உறைத்தது. ஊருக்கெல்லாம் சேலை விற்றவன் பெண்டாட்டி ஏதோ ஒரு சேலைக்கு ஏங்கிப் போயிருக்கிறாள்! அன்றிலிருந்து மாதா மாதம் ஒரு சேலை. அரக்கு வைத்துப் பார்த்தார், மயில்கழுத்து வைத்துப் பார்த்தார், மாம்பழ மஞ்சள் வைத்துப் பார்த்தார். மகள் பூஜாவின் பீரோ நிரம்பியதுதான் மிச்சம். ஐ.டி. கம்பெனிக்கு ஜீன்ஸில் போகிற பெண் முப்பது பட்டுச்சேலையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள், பாவம்.

சொர்ணம் உயிரோடு இருந்தபோது அவளைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே புகார், அவளுடைய முழங்கை. கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும்போது சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார். "கண்ணசந்தா போதும், விலாவுல ஒரு இடி. 'திரும்பிப் படுங்க'ம்பா. முப்பது வருஷமா என்னைய நிம்மதியாத் தூங்கவிட்டதில்ல." பக்கத்தில் நிற்கிற சொர்ணமும் கூடச் சேர்ந்து சிரிப்பாள்.

போன ஐப்பசியில், ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கூரைச்சேலை பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது அவர் இதயம் தாளம் தப்பியது. ஒரு துடிப்பு ஓடியது, ஒன்று நின்றது, அடுத்த இரண்டு முட்டிமோதிக்கொண்டு வந்தன. ஆஸ்பத்திரியில் மின்சாரம் வைத்து நேராக்கி அனுப்பினார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி அதே கதை. அடையாறில் இருக்கும் டாக்டர் புஷ்ரா, நெஞ்சை விட்டுவிட்டு அவருடைய தூக்கத்தைப் பற்றிக் கேட்டார். விரலில் கிளிப்பும் மூக்கில் குழாயுமாக ஒரு ராத்திரி தூங்கச் சொல்லி, வந்த கணக்கை அவர் முன்னால் வைத்தார்.

"தூங்கும்போது உங்க தொண்டை மூடிக்குது சார். மணிக்கு நாப்பத்திரண்டு தடவை மூச்சு நின்னிருக்கு. ஒரு தடவை அறுபத்தெட்டு செகண்ட். ஒவ்வொரு தடவையும் ரத்தத்துல ஆக்சிஜன் இறங்குது, ஹார்ட் பதறிப்போகுது. நாங்க பகல்ல நேராக்கினதை நீங்க ராத்திரி கலைச்சிடறீங்க. இப்படியே விட்டா ஸ்ட்ரோக் வரைக்கும் போகலாம். பக்கத்துல படுக்கிறவங்க யாரும் கவனிக்கலையா?"

"பக்கத்துல யாரும் இல்லம்மா."

மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மாஸ்க், காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்க ஒரு மெஷின். ராத்திரியோ மதியமோ, எப்போது தூங்கினாலும் போட்டுக்கொள்ள வேண்டும். கடல் கனவைப் பற்றி அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். "மூச்சு முட்டறதுதான் தண்ணியா வருது. முட்டி முட்டி முழிக்கிறதாலதான் கனவும் ஞாபகம் இருக்கு. இனிமே அது வராது, கவலைப்படாதீங்க."

சொன்னது சொன்னபடியே நடந்தது. இருபது நாள் மாஸ்க் போட்டார். காலைத் தலைவலி போயிற்று. கடை மாடிப்படி நிற்காமல் ஏறினார். நாடி ஒழுங்காக அடித்தது. கடல் வரவில்லை. சொர்ணமும் வரவில்லை. மயிலாப்பூர் மயானத்தில் அவளை இரண்டாம் தடவை எரித்துவிட்டு வந்ததுபோல இருந்தது அவருக்கு. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை. மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்க ஆரம்பித்தார். கடல் திரும்பி வந்தது. நெஞ்சின் தடுமாற்றமும் கூடவே வந்தது.

மெஷின் போட்டுக்கொடுத்துவிட்டது. மாஸ்க்குக்குள் யாராவது மூச்சு விட்டார்களா இல்லையா என்று பூஜாவின் செல்போனுக்கு அது தினமும் தகவல் அனுப்பிக்கொண்டிருந்ததை அவர் அறியவில்லை.

"அஞ்சு நாளா போடலையாப்பா?"

"அம்மாவப் பாக்கணும்மா. அதப் போட்டா அவ வர மாட்டேங்கா."

பூஜா செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அம்மாவுக்குச் சேலை வச்சுக் கும்பிட்டுட்டிருக்கோம். உங்களுக்கு வேட்டி வச்சுக் கும்பிடச் சொல்றீங்களா?"

மூன்றாம் வருஷத் திதிக்கு நான்கு நாள் இருந்தது. அன்றைக்கு மட்டும், ஒரே ஒரு மதியம், மாஸ்க் இல்லாமல் தூங்கிச் சொர்ணத்திடம் சொல்லிக்கொண்டு வந்துவிடுவதாகக் கெஞ்சினார். அப்புறம் சத்தியமாகக் கழற்றுவதில்லை. பூஜா முடியாது, முடியாது என்று சொல்லி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள். விரலில் ஆக்சிஜன் கிளிப் மாட்டுவாள், கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பாள்.

திதியன்று வைத்த சேலை ஊதாவில் தங்கக் கரை. படையல் முடிந்து, சாப்பிட்டு, மல்லாந்து படுத்தார். வெயில் ஜன்னல் திரையில் பச்சையாக வடிந்து கொண்டிருந்தது. அந்தப் பச்சை மெல்ல அறையை நிரப்பியது. படகுகள் மேலே நகர்ந்தன.

சொர்ணம் நின்றுகொண்டிருந்தாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விடைபெற வந்தாலும் வியாபாரி வியாபாரிதானே, குனிந்து சேலையைப் பார்த்தார். குமிழிகள் அவள் மேல் மொய்த்திருந்தன. தண்ணீரில் குமிழி என்றால் மேலே போக வேண்டாமா? இவை நகரவே இல்லை. வரிசை வரிசையாக, அப்படியே துணியில் நின்றன. அவை புள்ளிகள்.

சுங்குடி! அரக்கு நிறம் வெளுத்துப்போன பழைய மதுரைச் சுங்குடி. அவர் கடையில் விற்காத சேலை. பகலெல்லாம் கடைச் சேலையில் மினுங்குகிறவள், ராத்திரிப் படுக்கைக்கு மட்டும் கட்டுகிற சேலை. முப்பது வருஷமாக அவருக்குப் பக்கத்தில் அந்தப் புள்ளிகள்தான் படுத்திருந்தன. அவர் எங்கே விளக்கைப் போட்டுப் பார்த்தார்?

இப்போது அவள் சொல்வதும் கேட்டது. வா என்று அவள் கூப்பிடவே இல்லை. 'திரும்பிப் படுங்க' என்றாள். முழங்கையை ஓங்கி அவர் விலாவில் ஒரு இடி இடித்தாள்.

வாயைப் பிளந்து மூச்சை இழுத்துக்கொண்டு எழுந்தார். பூஜாவின் கை அவர் விலாவில் இருந்தது. அவள் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ஆக்சிஜன் எழுபத்தொண்ணுக்கு இறங்கிடுச்சுப்பா. அம்மா பண்ணுவாங்கல்ல, அதே மாதிரி இடிச்சேன். சின்னதுல உங்களுக்கு நடுவுல படுத்திருக்கேன். அம்மா முழுசாத் தூங்கி நான் பாத்ததே இல்ல."

தூங்கவிடவில்லை என்று எத்தனை பந்தியில் சொல்லிச் சிரித்திருப்பார். தூங்காமல் கிடந்தது அவள்தான். சண்முகசுந்தரம் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார், மகள் முன்னால் முதல் தடவையாக.

"ஏட்டி, அம்மாவோட அந்தப் பழைய சுங்குடி எங்க?"

பீரோவில் முப்பது பட்டுக்கும் அடியில் கிடந்தது. பூஜா எடுத்து வந்தாள். ஓரம் நைந்திருந்தது. அவர் அதைக் கட்டிலின் இடதுபக்கம், சொர்ணம் படுக்கிற இடத்தில் விரித்தார். மாஸ்க்கைத் தானே எடுத்தார், பட்டையை இழுத்து மாட்டும் முன் அந்தச் சேலைப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தார்.

"திரும்பிட்டேன், சொர்ணம். நீ தூங்கு" என்றார்.