மூன்றாவது டேக்

படத்தில் நவநீதன் நான்கு முறை செத்தான். முதல் தடவை முகமூடியோடு, அடுத்தது தாடியோடு, பிறகு போலீஸ் சட்டையில், கடைசியாக ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தள்ளுகிறவனாக. திருவேட்டக்குடியிலிருந்து வேன் பிடித்து வந்திருந்த பதினெட்டுப் பேரும் அவனை ஒவ்வொரு முறையும் கண்டுபிடித்து விசில் அடித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சந்திரலேகா மட்டும் கைதட்டவில்லை. போலீஸ் சட்டையில் செத்தபோது முழங்காலில் வாங்கிய அடிக்கு இரண்டு மாதம் ஒத்தடம் கொடுத்தவள் அவள்தான்.

'ஏழாம் கிடங்கு' முதல் பாகம் ஓடியபோது நவநீதனுக்கு முப்பத்தெட்டு வயது. இப்போது, இரண்டாம் பாகம் ஓடும்போது, நாற்பத்து மூன்று. பத்தொன்பது வயதில் சென்னைக்குப் போய் சினிமாவில் ஃபைட்டர் ஆனவன். அடிப்பதற்கல்ல, அடி வாங்கி விழுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன். அதன் படப்பிடிப்பு முடிந்ததும் ஊருக்கு வந்தவன், கால் சரியாகட்டும், கால் சரியாகட்டும் என்று ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டான். கால் சரியாகவில்லை. படிக்கட்டு இறங்கினால் உள்ளே ஏதோ உரசும் சத்தம் அவனுக்கே கேட்டது.

இடைவேளைக்குப் பிறகு அந்த ஐஸ் ஃபேக்டரி சண்டை வந்தது. படத்திலேயே பெரிய சண்டை அதுதான். எடுக்கப் பதினோரு நாள் ஆயிற்று. வில்லனின் வலது கையாக வருகிறவன் இரண்டாவது மாடிக் கம்பியை உடைத்துக்கொண்டு கீழே விழ வேண்டும். நடிகருக்குப் பதிலாக விழுந்தவன் எழிலன், நெடுங்காட்டுப் பையன். நவநீதன்தான் அவனை ஃபைட்டர்கள் சங்கத்தில் சேர்த்துவிட்டான். முதல் இரண்டு டேக்கிலும் ஒழுங்காக மெத்தையில் விழுந்தான். மூன்றாவது டேக்கில் இடுப்புக் கயிறு ஒரு நொடி தளர்ந்துவிட்டது. மெத்தைக்கு இரண்டடி தள்ளிச் சிமெண்டுத் தரையில் விழுந்தான். இடுப்பெலும்பு உடைந்தது, முதுகில் ஒரு நரம்பு போயிற்று. ஆஸ்பத்திரி வராந்தாவில் டைரக்டர் நவநீதனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஷாட் படத்துல வராது, நான் வாக்குக் குடுக்கறேன்" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

திரையில் எழிலன் கம்பியை நோக்கி ஓடி வந்தான். சட்டையின் இடது கை தோள்பட்டையில் கிழிந்து தொங்கியது. முதல் இரண்டு டேக்கில் சட்டை கிழியவில்லை.

நவநீதன் கண்ணை மூடிக்கொண்டான். தியேட்டரே எழுந்து நின்று கத்துவது கேட்டது. கத்தி அடங்குவதற்குள் மறுபடி கத்தினார்கள், பிறகு இன்னொரு தடவை. மூன்று கோணத்தில் காட்டுகிறார்கள் என்று புரிந்தது.

வெளியே வந்ததும் அஷ்வின் பிடித்துக்கொண்டான். மின்துறையில் வேலை பார்த்துக்கொண்டே யூட்யூபில் படங்களுக்கு விமர்சனம் சொல்கிறவன். காரைக்காலில் பாதிப் பேர் அவன் சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் எடுப்பார்கள்.

"அண்ணே, ஒரே ஒரு கேள்விங்க. அந்த ஐஸ் ஃபேக்டரியில விழறது கிராஃபிக்ஸ்தானே? எப்படிண்ணே அவ்வளவு தத்ரூபமா பண்ணாங்க?"

நவநீதன் அவன் நீட்டிய மைக்கைப் பார்த்தான். பதில் சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்று தெரியவில்லை. "கால் வலிக்குது தம்பி, அப்பறம் பேசுவோம்" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

வேனில் ஏறவில்லை. இருவரும் பஸ்ஸில் திரும்பினார்கள். கோட்டுச்சேரி தாண்டியதும் சந்திரலேகா மெதுவாகக் கேட்டாள்: "எழிலன் விழுந்ததுதானே அது?"

"ம்."

"போடமாட்டோம்னு சொன்னாங்கன்னீங்களே."

"சொன்னாங்கதான்."

"அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?"

"எவனாவது ஃபோன்ல காட்டறதுக்கு முந்தி நானே போயிச் சொல்லிடணும்."

மறுநாள் காலையில் நெடுங்காட்டுக்குப் போனான். வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்தது. வயல்களில் நடவு நடந்துகொண்டிருந்தது. எழிலன் வாசலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு பத்தடி போவதும் திரும்புவதுமாக இருந்தான். இடது காலை எடுத்து வைப்பது, வேறொருவர் காலைத் தூக்கி வைப்பதுபோல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை.

"வாங்கண்ணே! படம் பாத்தாச்சா? அத முதல்ல சொல்லுங்க, எப்படி இருக்கு?"

அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும், வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் நவநீதனுக்கு மறந்துபோயின. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நல்லதும் இருக்கு, கெட்டதும் இருக்கு."

"நல்லத சொல்லுங்க மொதல்ல."

"சண்டைதாண்டா. பஸ்ஸுக்குள்ள நடக்கற சண்டைய வெட்டாம ஒரே மூச்சுல காட்டறாங்க. யாரு கை, யாரு காலுன்னு கண்ணுக்குத் தெரியுது. கேமராவ ஆட்டி ஏமாத்தல. ஹீரோ கடைசியில களைச்சுப் போயி கையத் தூக்க முடியாம நிக்கறான் பாரு, அப்ப எனக்கே தோள் வலிச்சுது. ஃபைட் மாஸ்டரு மாஸ்டருதான்."

"கெட்டது?"

"நீளம். முதல் பாகத்துல என்ன? ஒரு கிடங்கு, ஒரு நாள். கதவ மூடிட்டான்னா வெளிய போவ வழியில்ல. அதுலயே நமக்கு மூச்சு முட்டுச்சு. இதுல ஊரு பூரா அலையறாங்க. ரெண்டு கும்பலு, ரெண்டு அப்பன், ரெண்டு மவன், நடுவுல உளவு பாக்கற போலீசு. யாரு யாருக்கு வேண்டியவன்னு புரியறதுக்குள்ள பத்து பேரு செத்துடறான்."

"அதிகமாத்தான் கொன்னோம்" என்று சிரித்தான் எழிலன்.

"அதாண்டா. முதல் பாகத்துல ஒருத்தன் விழுந்தா கேமரா அவங்கிட்ட கொஞ்ச நேரம் நின்னுச்சு. வாட்ச்மேன் சாவறப்ப அவன் செருப்பு ஒண்ணு கழண்டு கெடக்குமே, ஞாபகம் இருக்கா? இதுல அப்படி ஒண்ணு கூட இல்ல. விழறான், அடுத்தவன் வரான்."

எழிலனின் அம்மா பெரியநாயகி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, நடவு ஆட்களுக்குச் சோறு வடிக்க உள்ளே போனாள். அவள் போன பிறகு நவநீதன் குரலைத் தாழ்த்தினான்.

"எழிலா, அந்த ஷாட்ட போட்டுட்டாங்கடா. மூணாவது டேக்கு."

"தெரியும்ணே."

"தெரியுமா?"

"ரெண்டு மாசத்துக்கு முந்தி டைரக்டரு ஃபோன் பண்ணாரு. நீ வேணாம்னா எடுத்துடறேன்னாரு. நாந்தான் போடுங்கன்னு சொன்னேன்."

நவநீதனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பதினான்கு மாதமாக அந்த வாக்கை அவன் ஒருவன்தான் சுமந்துகொண்டிருந்திருக்கிறான்.

"ஏண்டா?"

"எடுத்துட்டா நான் எதுக்குண்ணே விழுந்தேன்? காலும் போச்சு, ஷாட்டும் போச்சுன்னு ஆயிடும்ல?"

நவநீதன் டம்ளரை எடுத்தான். டீ ஆறிப்போயிருந்தது, குடித்தான்.

"என்னைய கூட்டிட்டுப் போங்கண்ணே. தியேட்டர்ல பாக்கணும். ஃபோன்ல வேணாம்."

"அந்த ஷாட்ட பத்தி அம்மாட்ட சொல்லிட்டியா?"

"சொல்லல. சொல்லவும் வேணாம். விக் வச்சிருந்தேன், முதுகுதானே தெரியும். யாருக்கும் தெரியாது."

ஆனால் பெரியநாயகியும் வருவேன் என்றாள். "இவனுக்கு ஒண்ணுக்கு வந்தா நீ தனியா எப்படித் தூக்குவ? ஒனக்கே காலு சரியில்ல" என்றாள். அதை மறுக்க இருவராலும் முடியவில்லை.

திங்கட்கிழமை மதியக் காட்சிக்கு ஆட்டோவில் போனார்கள். தியேட்டரில் எட்டுப் படிகள். டிக்கெட் கிழிக்கிறவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார். எழிலனை அதில் உட்காரவைத்து அவர் ஒரு பக்கமும் நவநீதன் ஒரு பக்கமுமாகத் தூக்கினார்கள். எட்டாவது படியில் நவநீதனின் முழங்கால் ஒருமுறை மடங்கி, பிறகு நிமிர்ந்தது.

அரங்கில் முப்பது பேர்கூட இல்லை. பெரியநாயகிக்கு முதல் அரைமணி நேரத்திலேயே சலித்துவிட்டது. "இவன் எதுக்கு அவன வெட்டறான்?" என்று இரண்டு தடவை கேட்டாள். எழிலன் விளக்கப் பார்த்தான், அவனுக்கே பாதியில் குழம்பிவிட்டது. பஸ் சண்டையின்போது மட்டும் அவன் முன்னால் சாய்ந்து, வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று அடிகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

ஐஸ் ஃபேக்டரி வந்தது. இந்தத் தடவை நவநீதன் கண்ணை மூடவில்லை. எழிலன் பார்க்கும்போது தான் பார்க்காமல் இருப்பது நியாயமில்லை என்று தோன்றியது. கிழிந்த சட்டையோடு எழிலன் ஓடி வந்தான், கம்பி உடைந்தது, விழுந்தான். பின்வரிசையிலிருந்து விசில் வந்தது. இரண்டாவது கோணம், மூன்றாவது கோணம். ஹீரோ அவனைத் தாண்டிக் குதித்து அடுத்த அறைக்குள் ஓடினார். மொத்தம் ஒன்பது நொடி இருக்கும்.

நவநீதன் எழிலனைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் அழுகையும் இல்லை, பெருமையும் இல்லை. ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்து, அது வராமல் போனவன்போல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியநாயகி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஆட்டோவில் அவள்தான் முதலில் பேசினாள்.

"மேலேர்ந்து விழுந்தது நீதானே?"

எழிலன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒன் முதுகு எனக்குத் தெரியாதா? எத்தன வருஷம் எண்ணெ தேச்சுவிட்ட முதுகு."

"ஆமாம்மா."

"அம்புட்டு ஒசரம்னு நீ சொல்லல."

ஆட்டோ ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. பெரியநாயகி மறுபடி பேசினாள்.

"எல்லாரும் விசிலடிச்சாங்க. அந்த ஈரோ திரும்பிக்கூடப் பாக்காம ஓடறான். கீழ ஓரமா செத்துக் கெடந்தவன் ஒருத்தன் மட்டும் தலையத் தூக்கிப் பாத்தான். அது யாரு? செத்தவன் எப்புடித் தலையத் தூக்குவான்?"

நவநீதனும் அதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்திருந்தான். மூன்றாவது கோணத்தில், படத்தின் இடது மூலையில், ரத்தச் சாயம் பூசிய முகத்தோடு செத்துக் கிடந்த அவனே, எழிலன் தரையில் விழுந்ததைக் கண்டு தலையைத் தூக்கி எழப்போகிறான். வெட்டியிருக்க வேண்டிய இடம். வெட்டாமல் விட்டிருக்கிறார்கள், அல்லது யாரும் கவனிக்கவில்லை.

"நாந்தாம்மா அது."

பெரியநாயகி அவனைப் பார்த்தாள். "நீயாவது பாத்தியே" என்றாள். பிறகு மகனின் உணர்ச்சியில்லாத காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டில் இறக்கிவிட்டபோது எழிலன் ஃபோனை நீட்டினான். அஷ்வினின் விமர்சனம். படத்தின் பலம் சண்டைக் காட்சிகள், பலவீனம் நீளமும் குழப்பமான கதையும் என்று நன்றாகவே பேசியிருந்தான். ஐஸ் ஃபேக்டரிக்கு வந்ததும் குரல் உயர்ந்தது. 'அந்த விழற ஷாட்ட கம்ப்யூட்டர்ல உருவாக்குன கிராஃபிக்ஸ் குழுவுக்கு ஒரு பெரிய சல்யூட்!'

"இதாண்ணே எனக்குத் தாங்கல. விழுந்தது நான், சல்யூட்டு கம்ப்யூட்டருக்கு" என்றான் எழிலன்.

"தப்பு என் மேலடா. அவன் கேட்டான், நாந்தான் பதில் சொல்லாம வந்துட்டேன்."

அங்கேயே நின்று அஷ்வினை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான். "மன்னிச்சிடுங்கண்ணே, எனக்குத் தெரியாதுங்க" என்றான் அஷ்வின். மறுநாள் வீடியோவுக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தான்: 'திருத்தம்: அது கிராஃபிக்ஸ் இல்லை. விழுந்தவர் நம்ம நெடுங்காடு எழிலன். அதில் காயம்பட்டு இன்னும் சிகிச்சையில் இருக்கிறார்.' வீடியோவை நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள். அந்த வரியை எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரியாது. பெரியநாயகிக்கு எழிலன் அதைப் படித்துக் காட்டினான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாளாம்.

அந்த வார வியாழக்கிழமை ஃபைட் மாஸ்டர் ஃபோன் செய்தார். படம் நன்றாக ஓடுகிறது, மூன்றாம் பாகம் உறுதியாகிவிட்டது, தை மாதம் ஆரம்பம் என்றார். இதில் கப்பலில் ஒரு சண்டை, போன தடவையைவிடப் பெரியது.

"வரேன் மாஸ்டர்" என்றான் நவநீதன். "ஆனா விழ மாட்டேன். கயிறும் மெத்தையும் நான் பாத்துக்கறேன். நான் சரின்னு சொன்னாத்தான் மேல நிக்கறவன் குதிக்கணும். அந்த வேலையக் குடுங்க."

மாஸ்டர் யோசித்தார். அதற்கெல்லாம் தனி ஆள் போட்டால் தயாரிப்பாளர் என்ன சொல்வாரோ என்றார். "சரி, பார்க்கலாம்" என்றார்.

இருபத்து நான்கு வருஷமாகச் சென்னையில் 'பார்க்கலாம்' என்ற சொல்லை நவநீதன் கேட்டிருக்கிறான். மாஸ்டர் என்ன சொன்னார் என்று சந்திரலேகா கேட்டாள். சொன்னான். அவள் வெந்நீரும் துணியும் எடுத்து வந்தாள். கடல் பக்கமிருந்து சாயங்காலக் காற்று வரத் தொடங்கியிருந்தது. அவன் சுவரில் சாய்ந்து காலை நீட்டினான். முழங்காலில் சூடு படுவதற்குள்ளேயே தூங்கிவிட்டான்.